கிராபீன் பூச்சு: கறளுக்கு மருந்தா, டின்னில் ஒட்டிய பெயரா?

இரும்பு, பெயின்ட், வாகன உதிரிப்பாகம் விற்கும் சகோதரர்கள் சிலர் அண்மைக்காலமாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "நாநா, கிராபீன் என்று ஒரு சாமான் வந்திருக்கிறதாம். அதைப் பூசினால் இரும்பு கறள் பிடிக்காதாம். ஏஜன்ட் வந்து கழுத்தை நெரிக்கிறான். எடுத்து வைக்கலாமா?" வாகனம் மெருகூட்டும் கடைகளிலும் 'கிராபீன் கோட்டிங்' என்று பெயர்ப்பலகை தொங்குகிறது. வாடிக்கையாளரும் இன்டர்நெட்டில் எதையோ பார்த்துவிட்டு வந்து பெயரைச் சொல்லிக் கேட்கிறார்.

இப்படியான பெயர்கள் சந்தைக்கு வருவது புதிதல்ல. சில நிலைக்கும், சில நம் ராக்கையில் தூசு படிந்து கிடக்கும். ராக்கையில் கிடப்பது நம் முதல். ஆகவே இந்தக் கிராபீன் என்பது என்ன, உலோகத்தை அது எப்படிக் காக்கிறது, எங்கே காக்காமல் விடுகிறது, நாம் வாங்குமுன் எதைக் கேட்க வேண்டும் என்பதை இந்த வாரம் விளக்கமாகப் பார்ப்போம். இதில் நம் நாட்டு மண்ணுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதையும் சொல்கிறேன்.

கறள் தின்னும் காசு

கறள் என்பது இரும்பு, ஒட்சிசன், நீர் மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை. வளி மட்டும் இருந்தால், சாதாரண வெப்பநிலையில் இரும்புக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஈரமும் சேரும்போதுதான் தொல்லை. அந்த ஈரத்தில் உப்பும் கலந்துவிட்டால் கறள் பல மடங்கு வேகமெடுக்கும். உப்பு நீர் மின்சாரத்தை இலகுவாகக் கடத்துவதே இதற்குக் காரணம். கறள் பிடிப்பது அடிப்படையில் ஒரு சின்ன பற்றரி வேலை செய்வதைப் போன்றது. இரும்பின் ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்கு மின்னோட்டம் ஓட ஓட, இரும்பு கரைந்துகொண்டே போகிறது.

வெள்ளவத்தைக் கடலோரத்தில் ஒரு வீட்டு ஜன்னல் கம்பி எத்தனை சீக்கிரம் பொரிந்து உதிர்கிறது என்பதை அங்கே குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். எங்கள் கொலன்னாவையில் கடற்காற்று அவ்வளவு இல்லை. ஆனால் களனி கங்கை இருக்கிறது. 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் எப்படி மூழ்கின என்பது எல்லோருக்கும் தெரியும். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலோடு வந்த வெள்ளமும் இந்தப் பக்கத்தை விடவில்லை. கம்பி, தகடு, ஆணி, பிணைச்சல் என்று இருப்பு வைத்திருந்தவர்களுக்கு, வெள்ளம் வடிந்த பிறகு கறள் என்ற இரண்டாவது வெள்ளம் வந்தது. நமது ஊரின் அடையாளமாக நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளும், துறைமுகத்திலிருந்து அவற்றுக்கு வரும் குழாய்களும்கூட இந்த எதிரியோடு நாள்தோறும் போராடுபவைதான்.

உலக அளவில் இதன் கணக்கு தலை சுற்ற வைக்கும். அரிப்பு நிபுணர்களின் சர்வதேச அமைப்பான 'நேஸ்' 2016ல் வெளியிட்ட ஆய்வின்படி, அரிப்பினால் உலகத்துக்கு ஆண்டொன்றுக்கு ஏற்படும் செலவு சுமார் 2.5 டிரில்லியன் டொலர். அதாவது 2,50,000 கோடி டொலர். உலக மொத்த உற்பத்தியில் இது 3.4 வீதம். 2013ஆம் ஆண்டின் பொருளாதாரத்தை வைத்துப் போட்ட கணக்கு இது. இவ்வளவு பெரிய நட்டம் இருக்கும் இடத்தில், அதைக் குறைப்பேன் என்று சொல்லி வரும் சாமானுக்குச் சந்தையும் பெரிதாகத்தான் இருக்கும். ஆகவேதான் கிராபீனைச் சுற்றி இத்தனை ஆரவாரம்.

நமக்குத் தெரிந்த பாதுகாப்பு முறைகளை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று தடுப்பு. பெயின்ட், வார்னிஷ், கிரீஸ் போன்றவை நீரும் வளியும் உலோகத்தைத் தொடாமல் சுவராக நிற்பவை. மற்றது தியாகம். கல்வனைஸ் தகரத்தில் இருக்கும் நாகம், இரும்புக்கு முந்தித் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றுகிறது. தகரத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் அந்த இடத்தில் உடனே கறள் ஏறாமல் இருப்பது இதனால்தான். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிராபீனின் பலமும் பலவீனமும் இதற்குள்ளேதான் இருக்கின்றன.

காரீயத்திலிருந்து கிராபீன்

கிராபீனின் தாய்ப்பொருள் காரீயம். சிங்களத்தில் மினிரன் என்போம். பெயரில் ஈயம் இருந்தாலும் ஈயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது சுத்தமான காபன். பென்சிலின் நடுவில் இருக்கும் கருப்புக் குச்சி காரீயமும் களிமண்ணும் கலந்து செய்தது.

இலங்கையின் காரீயம் தனி இனம். மற்ற நாடுகளில் அது பெரும்பாலும் பாறையோடு கலந்து செதில் செதிலாகக் கிடைக்கும். நம் நாட்டில் பாறைப் பிளவுகளுக்குள் நரம்பு போல ஓடுகிறது. வெட்டி எடுக்கும்போதே 95 வீதத்துக்கு மேல் காபன் உள்ள கட்டிகள் கிடைப்பதுண்டு. இந்த நரம்புக் காரீயத்தை வியாபார அளவில் தோண்டும் நாடு என்று உலகம் நம்மைத்தான் சொல்கிறது. கேகாலை மாவட்டத்தின் போகல, குருநாகல் மாவட்டத்தின் கஹட்டகஹ ஆகியவை பேர்போன சுரங்கங்கள். ஆயிரம் அடிக்கும் கீழே இறங்கித் தோண்டுகிறார்கள்.

ஒரு காலத்தில் தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றோடு சேர்த்துப் பேசப்பட்ட ஏற்றுமதி இது. நாட்டின் முதல் பிரதமர் டி.எஸ். சேனாநாயக்கவின் தந்தை டொன் ஸ்பேட்டர் சேனாநாயக்க காரீய வியாபாரத்தில் செல்வம் சேர்த்தவர். முதலாம் உலகப்போரின் போது உலோகம் உருக்கும் மூசைகள் செய்வதற்கு இதற்கு ஏகக் கிராக்கி. 1916ல் ஏற்றுமதி சுமார் 33,000 தொன் வரை ஏறியது. போர் முடிந்ததும் விலை விழுந்தது. மடகஸ்காரின் மலிவான செதில் காரீயம் சந்தையைப் பிடித்துக்கொண்டது. பல சுரங்கங்கள் மூடப்பட்டன. 1971ல் அரசாங்கம் எஞ்சிய பெரிய சுரங்கங்களைத் தன்வசம் எடுத்தது. இன்று போகல சுரங்கம் ஜெர்மன் நிறுவனம் ஒன்றின் பெரும்பான்மைப் பங்குடன் இயங்குகிறது. கஹட்டகஹ அரசிடம் இருக்கிறது.

கல்லாக விற்றவர்கள் விலை விழுந்ததும் கையைப் பிசைந்தார்கள். அந்தக் கல்லை மூசையாகவும் பென்சிலாகவும் மாற்றியவர்கள் தொடர்ந்து பிழைத்தார்கள். வியாபாரிகளாகிய நாம் மறக்கக்கூடாத பாடம் இது.

ஓர் அணுத் தடிப்பு

காரீயம் அடுக்கடுக்காக இருக்கும் பொருள். கடுதாசிக் கட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஒரு தாளைப் பிரித்து எடுத்தால் அதுதான் கிராபீன். அந்தத் தாளின் தடிப்பு ஒரே ஓர் அணு. காபன் அணுக்கள் தேன்கூட்டைப் போல அறுகோண வடிவில் கைகோர்த்து நிற்கும். ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள காரீயத்தில் இப்படியான தாள்கள் சுமார் 30 இலட்சம் இருக்கும்.

இந்தத் தாளைத் தனியாகப் பிரித்துக் காட்டியவர்கள் இங்கிலாந்தின் மன்செஸ்டர் பல்கலைக்கழக விஞ்ஞானிகளான அன்ட்ரே கெயிமும் கொன்ஸ்டான்டின் நொவொசெலொவும். ஆண்டு 2004. அவர்கள் பாவித்த சாமான் என்ன தெரியுமா? நம் கடையில் பார்சல் ஒட்டும் டேப். காரீயத்தில் டேப்பை ஒட்டி ஒட்டி உரித்தே கடைசித் தாளை எடுத்தார்கள். 2010ல் அவர்களுக்கு பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

கறள் விஷயத்தில் கிராபீனின் பெரிய குணம், அதற்குள் எதுவும் நுழைய முடியாது என்பது. பழுதில்லாத ஒரு தாள், மிகச் சிறிய வாயுவான ஹீலியத்தைக்கூட உள்ளே விடாது என்பதை அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தினர் 2008ல் காட்டினார்கள். ஹீலியமே புக முடியாவிட்டால் ஒட்சிசனும் நீரும் எப்படிப் புகும்? ஆகவே உலோகத்தின் மேல் ஒரு கிராபீன் தாளைப் போர்த்திவிட்டால் கறள் கதை முடிந்தது என்று பலரும் எண்ணினார்கள்.

முதலில் வந்த நல்ல செய்தி

ஆரம்பச் சோதனைகள் அந்த எண்ணத்துக்கு வலுச் சேர்த்தன. 2011ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர் செம்பின் மேல் கிராபீனை வளர்த்து, அதைச் சூடான வளியில் வைத்துப் பார்த்தார்கள். போர்த்திய செம்பு பளபளப்பாகவே இருந்தது. போர்த்தாத செம்பு கறுத்தது. அமெரிக்க ஒரு சதக் காசுகள் இரண்டை எடுத்து, ஒன்றுக்குக் கிராபீன் போர்த்தி இரண்டையும் ஐதரசன் பெரொக்சைட்டில் இட்டபோது, போர்த்திய காசு நிறம் மாறாமல் தப்பியது. அந்தப் படம் உலகெங்கும் போனது.

2012ல் வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தினர் எண்ணிக்கையோடு சொன்னார்கள். கிராபீன் போர்த்திய செம்பு, வெறும் செம்பைவிட 7 மடங்கு மெதுவாக அரித்தது. பல அடுக்குக் கிராபீன் போர்த்திய நிக்கல் 20 மடங்கு மெதுவாக அரித்தது. இந்த 7 மடங்கும் 20 மடங்கும்தான் இன்றைக்கும் விளம்பரத் துண்டுப் பிரசுரங்களுக்கு மூலம். ஏஜன்ட்மார் சொல்வது முழுப் பொய்யல்ல. ஆனால் அவர்கள் கதையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

மறு பாதி

2013ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தினர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மற்றவர்கள் மணிக்கணக்கில் பார்த்ததை இவர்கள் மாதக்கணக்கில் பார்த்தார்கள். முடிவு எல்லோரையும் திடுக்கிட வைத்தது. சாதாரண அறை வெப்பநிலையில் நீண்ட காலம் இருந்தபோது, கிராபீன் போர்த்திய செம்பு, போர்த்தாத செம்பைவிட அதிகமாகக் கெட்டுப் போயிருந்தது. போர்த்தாமலே விட்டிருந்தால் இதைவிட நல்லது என்ற கருத்தைக் கட்டுரையின் தலைப்பிலேயே போட்டுவிட்டார்கள்.

ஏன் இப்படி? இதை விளங்கிக்கொள்ள நம் தொழிலிலேயே உதாரணம் இருக்கிறது. கல்வனைஸ் பைப்பில் பித்தளை டெப் ஒன்றை நேராகப் பூட்டினால், சில காலத்தில் மரை இருக்கும் இடத்தில் பைப் அரித்துவிடும். பழைய பிளம்பர் பாஸ்மார் எல்லோருக்கும் இது தெரியும். இரண்டு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டு இருந்தால், உயர்ந்த உலோகம் தப்பிவிடும், தாழ்ந்த உலோகம் கரையும். கிராபீன் உலோகம் அல்ல. ஆனால் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். இந்த வரிசையில் அது செம்பு, இரும்பு இரண்டுக்கும் மேலே நிற்கிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். பெரிய பரப்பில் வளர்க்கும் கிராபீனில் எப்படியும் சிறு ஓட்டைகளும் மூட்டுகளும் வெடிப்புகளும் இருக்கும். அந்த ஓட்டை வழியே ஈரம் உள்ளே போகிறது. சுற்றிலும் பெரிய கிராபீன் பரப்பு, நடுவில் ஊசிமுனை அளவு இரும்பு. பற்றரியின் முழுப் பலமும் அந்த ஊசிமுனையில் இறங்குகிறது. இரும்பு அந்த இடத்தில் குழி விழுந்து அரிக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கிறது என்று மேலே சொன்னேன். கீறல் விழுந்த கிராபீன் நேர் எதிராக, இரும்பைக் கொடுத்துத் தான் தப்புகிறது.

ஆகவே, கிராபீனைத் தனித் தாளாக இரும்பின் மேல் போர்த்திக் கறளை என்றைக்கும் தடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பெயின்டுக்குள் போனால் வேறு கதை

அப்படியானால் கிராபீன் உதவாத சாமானா? இல்லை. தனியாக நிற்கும்போது வரும் கெடுதி, பெயின்டுக்குள் சரியாகக் கலந்துவிட்டால் பெருமளவு அடங்கிவிடுகிறது. இன்று சந்தையில் நேர்மையாக விற்கப்படும் கிராபீன் பூச்சுகள் இந்த வகைதான்.

எந்தப் பெயின்டும் முழுதாக நீர் புகாதது அல்ல. எபொக்சி போன்ற நல்ல பெயின்டின் ஊடாகவும் நீரும் ஒட்சிசனும் மிக மெதுவாகக் கசிந்து போகும். அந்தப் பெயின்டுக்குள் கோடிக்கணக்கான கிராபீன் செதில்களைச் சிறிதளவு கலந்தால், கசியும் நீர் ஒவ்வொரு செதிலிலும் முட்டி, சுற்றி வளைந்துதான் போக வேண்டும். புறக்கோட்டை ஒடுக்க வீதியில் நேராக நடக்க முடியாமல் வண்டிலையும் மூட்டையையும் சுற்றிச் சுற்றிப் போவதைப் போல. பாதை நீள்வதால் நீர் இரும்பை அடைய எடுக்கும் காலம் கூடுகிறது. செதில்கள் ஒவ்வொன்றும் பிசினுக்குள் தனித்தனியே மூடப்பட்டிருந்தால், இரும்போடு மின்தொடர்பும் ஏற்படாது.

இதற்குத் தேவைப்படும் அளவு மிகச் சொற்பம். பெயின்டின் நிறையில் ஒரு வீதத்துக்கும் குறைவு போதும். அதிகம் போட்டால் நல்லது என்ற எண்ணம் இங்கே பிழை. கூடிப்போனால் செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும், பெயின்டில் வெடிப்பு வரும், மின் கடத்தும் பாதையும் உருவாகும். கறியில் உப்பு மாதிரி. அளவும் முக்கியம், எல்லா இடத்துக்கும் பரவுவதும் முக்கியம்.

இன்னொரு வழி நாகத்தோடு சேர்ப்பது. நாகத் தூள் நிறைந்த பிரைமரில், காய்ந்த பூச்சின் நிறையில் 80 வீதம் வரை நாகம் இருக்க வேண்டும். நாகத் துணிக்கைகள் ஒன்றையொன்று தொட்டு மின்சாரம் கடத்தினால்தான் தியாக வேலை நடக்கும். கிராபீன் அந்தத் துணிக்கைகளுக்கு இடையே பாலமாக நிற்பதால் குறைந்த நாகத்தோடு அதே வேலையை எடுக்க முயல்கிறார்கள். இங்கே கிராபீன் மின்சாரம் கடத்தும் குணமே உதவியாகிறது. சீனாவில் இந்த வகைக் கிராபீன் நாகப் பெயின்டுக்கு 2019ல் தொழில்துறைத் தரமொன்றும் வந்துவிட்டது.

இங்கிலாந்தில் 'ஹைகோட்' என்ற பெயரில் கிராபீன் கலந்த கறள் தடுப்புப் பிரைமர், வாகனங்களுக்கு ஸ்ப்ரே டின்களில் விற்பனைக்கு வந்தது. 'டல்கா' என்ற நிறுவனம் கிராபீன் கலந்த பூச்சொன்றைப் பெரிய சரக்குக் கப்பலில் பூசிக் கடலுக்கு அனுப்பிச் சோதித்தது. இந்தியாவில் டாடா ஸ்டீல் நிறுவனம் கிராபீன் தொழிலில் இறங்கியிருக்கிறது. கேரளத்தில் தனியாக ஒரு கிராபீன் ஆய்வு நிலையமும் அதன் பங்களிப்போடு இயங்குகிறது. எனவே இது வெறும் பேச்சு அல்ல.

நல்ல சாமானும் நட்டமும்

அதேநேரம் ஒரு கம்பனியின் கதையையும் கேளுங்கள். அந்த ஹைகோட் பிரைமருக்குக் கிராபீன் கொடுத்தது 'அப்ளைட் கிராபீன் மெட்டீரியல்ஸ்' என்ற கம்பனி. இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்தது. 2013ல் லண்டன் பங்குச் சந்தையில் பங்கு விற்றது. கறள் தடுப்புப் பெயின்டுக்கான கிராபீன் கலவைதான் அதன் முக்கிய சரக்கு. சரக்கு வேலை செய்தது. ஆனால் பெயின்ட் கம்பனிகள் சோதித்துப் பார்த்து முடிவெடுக்க ஆண்டுக்கணக்கில் எடுத்தன. விற்பனை வரவு செலவைத் தாங்கவில்லை. 2023ல் அதன் தொழில் கனடாவைச் சேர்ந்த 'யுனிவர்சல் மேட்டர்' கம்பனியிடம் கைமாறியது.

சாமான் நல்லது என்பதும், அது இன்றைக்கே ஓடும் என்பதும் இரண்டு விஷயம். பெரிய முதல் போட்டவர்களுக்கே பத்தாண்டு போதவில்லை. நாம் நூறு டின் எடுத்துவிட்டு மூன்று மாதத்தில் ஓடும் என்று எதிர்பார்க்கலாமா?

பெயரில் கிராபீன், டின்னில் என்ன?

இதைவிடப் பெரிய சிக்கல் போலி. 2018ல் சிங்கப்பூர் தேசிய பல்கலைக்கழகம் சார்ந்த ஆய்வாளர்கள், உலகெங்கும் கிராபீன் விற்கும் 60 கம்பனிகளின் சரக்கை வாங்கிச் சோதித்து முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலான கம்பனிகளின் தூளில் 10 வீதம்கூடக் கிராபீன் இல்லை. 50 வீதத்தைத் தாண்டியது ஒன்றுமே இல்லை. மீதி என்ன? பெரும்பகுதி வெறும் நுண் காரீயத் தூள். அதாவது கிராபீன் விலைக்குப் பென்சில் தூளை விற்றிருக்கிறார்கள்.

பத்து அடுக்குக்கு மேற்பட்டால் அதைக் கிராபீன் என்று அழைக்கக்கூடாது என்பது சர்வதேச தர வரைவிலக்கணத்தின் சாரம். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டும் கருப்புத் தூள்தான். மூலப்பொருள் விற்பவர்களிடமே நிலைமை இதுவென்றால், அதை வாங்கிக் கலக்கியவரின் டின்னை, அந்த டின்னை வாங்கி வந்தவரின் பேச்சை எவ்வளவு நம்பலாம்? வாகனங்களுக்கு 'கிராபீன் செரமிக்' என்று விற்கும் சின்னப் போத்தல்களிலும் வேலை செய்வது பெரும்பாலும் சிலிக்கா வகைப் பூச்சே. அது மெருகுக்கு நல்லது. ஆனால் வாகனத்தின் அடித்தட்டுக் கறளுக்கு அது மருந்தல்ல.

பொருளின் குறையை மறைக்காமல் விற்பது நம்மவர்கள் காத்து வந்த வியாபார முறை. தெரியாமல் விற்றேன் என்பது வாடிக்கையாளருக்கு ஆறுதல் தராது. சட்டமும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, பொருளின் தரம் பற்றித் தவறான விபரம் சொல்லி விற்பது குற்றம். அந்த வழக்கு டின் செய்தவன் மேல் மட்டும் வராது. விற்ற கடைக்காரன் மேலும் வரலாம்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

ஆகவே ஏஜன்ட் வந்தால் விரட்டவும் வேண்டாம், உடனே ஓர்டர் கொடுக்கவும் வேண்டாம். இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

1. இது எந்த வகைப் பெயின்ட்? எபொக்சியா, அல்கிட்டா, நாகப் பிரைமரா? கிராபீன் கூட்டுப்பொருள் மட்டுமே. அடிப்படைப் பெயின்ட் தரமில்லாவிட்டால் கிராபீன் எதையும் காப்பாற்றாது.

2. உப்புத் தெளிப்புச் சோதனை அறிக்கை இருக்கிறதா? 35 பாகை வெப்பத்தில் 5 வீத உப்பு நீரைத் தொடர்ந்து தெளித்துப் பார்க்கும் சோதனை இது. ஐ.எஸ்.ஓ. 9227 அல்லது ஏ.எஸ்.ரி.எம். பி 117 என்ற இலக்கம் அறிக்கையில் இருக்க வேண்டும். எந்த ஆய்வுகூடம், எந்த ஆண்டு என்பதையும் பாருங்கள்.

3. அதே பெயின்டைக் கிராபீன் இல்லாமலும் சோதித்தார்களா? இதுதான் முக்கியமான கேள்வி. வெறும் இரும்போடு ஒப்பிட்டால் எந்தப் பெயின்டும் வெற்றி பெறும். கிராபீன் சேர்த்ததால் எவ்வளவு கூடியது என்பதே நாம் கொடுக்கும் மேலதிக விலைக்குப் பதில்.

4. கீறிச் சோதித்தார்களா? பெயின்டில் வேண்டுமென்றே ஒரு கீறல் போட்டு உப்பில் வைத்தால், கறள் கீறலிலிருந்து எவ்வளவு தூரம் பரவுகிறது என்று தெரியும். கிராபீனின் பலவீனம் கீறலில்தான் என்பதை மேலே பார்த்தோம்.

5. பாவனைக் காலம் எவ்வளவு? கிராபீன் செதில் டின்னின் அடியில் கட்டியாகி விடுமா? நம் சூட்டில், நம் களஞ்சியத்தில் எத்தனை மாதம் தாங்கும்?

6. விற்காததைத் திருப்பி எடுப்பார்களா? இதற்குத் தயங்குபவருக்குத் தன் சாமானில் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம்.

உப்புத் தெளிப்பில் ஆயிரம் மணி நேரம் தாங்கியது என்றால் இத்தனை வருடம் நிற்கும் என்று வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். அந்தச் சோதனை ஒரு பெயின்டை இன்னொரு பெயின்டோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான். வருடக் கணக்குச் சொல்வதற்கல்ல.

நாமே செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. ஒரே தகட்டில் வெட்டிய ஆறு துண்டுகளை எடுங்கள். இரண்டுக்கு நீங்கள் வழமையாக விற்கும் பிரைமர், இரண்டுக்குப் புதிய சாமான், இரண்டு வெறுமனே. ஒவ்வொன்றிலும் ஆணியால் ஒரு கோடு கீறி, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கடற்காற்றுப் படும் மொட்டை மாடியில் ஆறு மாதம் கட்டி வைத்துப் பாருங்கள். பெரிய ஆய்வுகூட அறிக்கைக்கு இது ஈடாகாது. ஆனால் வாடிக்கையாளரிடம் நீங்கள் சொல்லும் சொல்லுக்கு உங்கள் கையில் அத்தாட்சி இருக்கும்.

விலையை எப்படிப் பார்ப்பது?

டின் விலையை மட்டும் பார்த்தால் கணக்குப் பிழைக்கும். இது உதாரணக் கணக்கு. ஒரு கேட்டைச் சுரண்டிப் பூச, கூலியோடும் சாதாரணப் பெயின்டோடும் 30,000 ரூபா ஆகிறது, 3 வருடம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 10,000 ரூபா. நல்ல பூச்சு ஒன்றினால் மொத்தச் செலவு 40,000 ஆகி, 5 வருடம் நின்றால் வருடத்துக்கு 8,000 ரூபாதான். கூலிதான் பெரிய செலவு என்பதால் பெயின்ட் விலை கூடினாலும் இலாபம். ஆனால் அந்த 5 வருடம் உண்மையாக இருக்க வேண்டும். 3 வருடத்தில் கறள் வந்தால் வருடத்துக்கு 13,000 ரூபாவுக்கு மேல் போகிறது. எல்லாம் தங்கியிருப்பது ஆதாரத்தில்தான்.

இன்னொன்றையும் வாடிக்கையாளருக்குச் சொல்லிக் கொடுங்கள். பழைய கறளின் மேல் எந்த அற்புதப் பெயின்டைப் பூசினாலும் அது உரியும். கறளைச் சுரண்டி, எண்ணெய்யும் உப்பும் போகக் கழுவி, நன்றாகக் காயவிட்டுப் பூசிய சாதாரண ரெட் ஒக்சைட், சுரண்டாமல் பூசிய கிராபீனை வெல்லும். வெள்ளத்துக்குப் பயந்த எங்கள் பகுதி வியாபாரிகளுக்கும் இதே நியாயம்தான். எந்தப் பூச்சை நம்புவதற்கு முன்னும், இருப்பைத் தரையிலிருந்து உயர்த்தி வைக்க ஒரு ராக்கை அடித்துவிடுங்கள்.

நம் நாட்டுக்கு ஒரு வாசல்

கடைசியாக நம் மண்ணுக்கு வருவோம். 2008ல் அரசாங்கமும் தனியார் கம்பனிகளும் சேர்ந்து 'ஸ்லின்டெக்' என்ற நனோ தொழில்நுட்ப நிறுவனத்தை ஆரம்பித்தன. இன்று அது ஹோமாகமையில் இருக்கிறது. இலங்கைக் காரீயத்திலிருந்து கிராபீன் வகைப் பொருட்களைச் செய்யும் முறையை அங்கே வளர்த்தார்கள். 2018ல் ஸ்லின்டெக்கும் எல்.ஓ.எல்.சி. குழுமமும் சேர்ந்து 'சிலோன் கிராபீன் டெக்னொலஜிஸ்' கம்பனியைத் தொடங்கின. அது செய்யும் பொருட்களில் கிராபீன் ஒக்சைட் முக்கியமானது. கிராபீன் ஒக்சைட் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. ஆகவே பூச்சு வேலையில் மேலே சொன்ன கீறல் ஆபத்தும் குறைவு.

போகலவில் வெட்டிய கல் கப்பலேறிப் போய், வேறு நாட்டில் தூளாகி, இன்னொரு நாட்டில் பெயின்டாகி, நம் துறைமுகத்துக்கே டொலரில் திரும்பி வருவது நமக்குப் பெருமையா? பெயின்ட் கலக்கும் சிறு தொழிற்சாலை வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். கிராபீன் செய்யும் பெரிய தொழிற்சாலை போட நம்மால் முடியாது. ஆனால் உள்நாட்டுக் கிராபீனைச் சிறிதளவு வாங்கித் தங்கள் பிரைமரில் கலந்து, கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்திலோ மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலோ ஆலோசனை கேட்டுச் சோதித்துப் பார்ப்பது முடியாத காரியமல்ல. ஓர் இலட்சம் டின்னை இறக்குவதற்கு முன் பத்து லீற்றரில் தொடங்கலாம். 1916ல் கல் விற்றவர்களின் பேரர்கள் இந்த முறையாவது பூச்சு விற்கட்டும்.

இன்றைக்கு என் பதில் இதுதான் சகோதரர்களே. கிராபீன் பூச்சில் உண்மை இருக்கிறது, ஆனால் கிராபீன் என்ற பெயரில் அது இல்லை. சரியான பெயின்டில், சரியான அளவில், சுத்தமான இரும்பில் பூசினால்தான் அந்த உண்மை வெளியே வரும். அறிக்கை காட்டுபவரிடம் கொஞ்சமாக வாங்கிப் பாருங்கள். பெயரை மட்டும் காட்டுபவரிடம் ஒரு பிளேன்டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்.